மாஸ்டருக்கு மணம் தெரியவில்லை
ஹோட்டல் நிர்வாகம்: வாசகர் கேள்வி – பதில்

கொரோனா வந்துபோனதிலிருந்து எங்கள் சரக்கு மாஸ்டருக்கு (சாம்பார் முதலானவை செய்யும் சமையல்காரர்) வாசனை சரியாகத் தெரியவில்லை. சாம்பாரில் பெருங்காயம் ஒருநாள் தூக்கல், ஒருநாள் சப்பை. 18 வருடமாக இருப்பவர்; நிறுத்த மனமில்லை. என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

நிறுத்தாதீர்கள். அவருடைய கைப்பக்குவம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் சாம்பாருக்கு முன்னால் கேஸைக் கவனியுங்கள். சமையல் கேஸுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிவு தெரியத்தான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது அவர் மூக்குக்கு எட்டாது. அதனால் விடியற்காலையில் முதல் அடுப்பை வேறொருவர் பற்றவைக்கட்டும். கசிவு அலாரம் ஒன்று வாங்கி, தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். பலர் அலாரத்தை உத்தரத்தருகே மாட்டி வீணாக்குகிறார்கள். டியூப் இணைப்புகளில் வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

அடுத்து ருசி. உப்பும் புளிப்பும் நாக்கின் வேலை. அவருக்கு அவை பெரும்பாலும் தெரியும். பெருங்காயம், கொத்தமல்லி, நெய் எல்லாம் மூக்கின் வேலை. சாம்பார் நன்றாக அமைந்த நாளில் அவர் கையால் அள்ளிப் போட்டதைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். உப்பை 10 லிட்டருக்கு 100 கிராமில் தொடங்கிச் சரிபார்க்கலாம். வெண்ணெய் உருக்கும்போது காதும் கண்ணும் போதும்: சடசடப்பு அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமானதும் இறக்கிவிட வேண்டும். பால் திரிந்ததா, எண்ணெய் சிக்கடித்ததா என்று பார்ப்பதை இன்னொருவர் பொறுப்பாக்குங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை மாலை தலா 20 விநாடி முகர்ந்து பழகும் பயிற்சி உண்டு. மூன்று மாதமாவது விடாமல் செய்யவேண்டும். அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது.

12 பேர் வேலை செய்கிறார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயமா?
– வாசகர், திருவாரூர்

ஆம், 10 பேர் இருந்தாலே கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு சம்பளத்தில் நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம் சந்தா கட்டவேண்டும். தகுதிக்கான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால விடுப்புக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். காய்ச்சலோடு சப்ளைக்கு வருவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அட்வான்ஸ் வாங்கிய பையன்கள் திருப்பூர் போய்விடுகிறார்கள். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

கூடவே கூடாது. நகல் மட்டும் போதும். முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அட்வான்ஸ் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டவேண்டாம். ஆறு தவணையாகப் பிடிப்பதாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் போவதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. காலை 5 மணிக்கு வந்து 11 வரை, மறுபடி மாலை 4 முதல் இரவு 10 வரை என்று நாள் முழுவதையும் கடைக்கே கொடுக்கிற வேலை இது. மில் வேலையில் ஷிப்ட் முடிந்தால் வீடு. நீங்களும் காலை 5 முதல் 1, பிற்பகல் 2 முதல் 10 என்று இரண்டாகப் பிரியுங்கள். ஓரிரு ஆள் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும். வார விடுமுறையைப் பலகையில் எழுதிப் போடுங்கள். சம்பா அறுப்புக்கு ஊருக்குப் போகிறவர்களை மார்கழியிலேயே கேட்டு, இருவர் இருவராக முறைவைத்து அனுப்புங்கள். ஐப்பசி கடைசி நாளில் உங்கள் ஊர்க் காவிரியில் நீராட வரும் கடைமுகக் கூட்டத்துக்கு மட்டும் ஒருவருக்கும் லீவு இல்லை என்பதை வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுங்கள்.