மட்டிகளின் சாப்பாட்டுக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கப் பேரேரிகளில் வரிக்குதிரை மட்டியைக் குவாக்கா மட்டி ஓரங்கட்டிவிட்டதாகப் படித்தேன். இரண்டும் ஒரே பாசியைத் தின்பவைதானே, ஒன்று மட்டும் எப்படி ஜெயிக்கிறது?
கல்லூரி மாணவி, சூலூர்ப்பேட்டை

இரண்டும் இரட்டை ஓட்டுக்குள் வாழும் நன்னீர் மட்டிகள், கருங்கடல் பக்கத்துப் பங்காளிகள். கப்பல்கள் சமநிலைக்காக அடிவயிற்றில் நிரப்பிக்கொள்ளும் தண்ணீரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவை. வரிக்குதிரை மட்டி 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியிலும், குவாக்கா அடுத்த ஆண்டே ஈரி ஏரியிலும் அகப்பட்டன. ஆனால் குவாக்கா வேறு இனம் என்பது 1991-ல்தான் உறைத்தது.

நுண்பாசி தாராளமாக இருக்கும்வரை இரண்டும் கொழுக்கும். தட்டுப்பாடு வரும்போதுதான் சாயம் வெளுக்கிறது. குவாக்காவுக்கு மூச்சுவிடச் செலவாகும் சக்தி குறைவு. தின்றதில் கூடுதல் பங்கு உடம்பில் சேர்கிறது. ஓட்டையும் மெல்லிசாகவே கட்டிக்கொள்கிறது. வரிக்குதிரை மட்டியோ தடித்த ஓட்டுக்கும் பாறையைப் பற்றிக்கொள்ளும் வலுவான பிடிநூலுக்கும் நிறையச் செலவழிக்கிறது. ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் எந்த வீட்டில் அடுப்பு எரியும்?

அந்த மாதக் கடைசியைக் கொண்டுவருவதும் மட்டிகளேதான். ஒரு மட்டி நாளுக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை வடிகட்டும். கோடிக்கணக்கில் பெருகியதும் பாசி தீர்ந்துபோகிறது, சிக்கனக்காரனுக்கு ஏற்ற ஏரியாக அது மாறிவிடுகிறது. மிச்சிகன் ஏரியில் 2000-களின் நடுவிலேயே குவாக்காவின் கை ஓங்கிவிட்டது. குளிர்ந்த ஆழத்திலும் சேற்றிலும் அது வாழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலை அடிக்கும் ஆழமற்ற, பாசி வளமான இடங்களில் வரிக்குதிரை மட்டி இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே முழுத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டையும் பார்த்து அடையாளம் சொல்ல முடியுமா?
பள்ளி ஆசிரியர், தடா

மேசைமேல் வையுங்கள். வரிக்குதிரை மட்டியின் அடிப்பக்கம் தட்டை, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். குவாக்காவின் அடி உருண்டை, சாய்ந்து விழும். நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்த காய்ந்த ஓடுகளை வைத்து என் பேரன் ஒரு மாலை முழுக்க இதையே விளையாடினான். வரிகளை நம்பாதீர்கள், ஓட்டுக்கு ஓடு மாறும்.

மீன் குளத்தில் மட்டி விட்டால் தண்ணீர் தெளியும் என்கிறார்கள். விடலாமா?
மீன் வளர்ப்பவர், சத்தியவேடு

தெளிந்த தண்ணீர் உங்களுக்கு எதற்கு? சாணமும் பிண்ணாக்கும் போட்டு நீங்கள் பச்சை ஏற்றுவதே கட்லாவுக்குச் சாப்பாடு கிடைக்கத்தான். கையை முழங்கைவரை நீருக்குள் விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும் என்று பார்ப்பீர்களே, மட்டி பெருகினால் அந்தக் கை பளிச்சென்று தெரியும், மீனோ மெலியும். தின்னப் பிடிக்காத நச்சுப்பாசியை மட்டி சளியில் உருட்டித் துப்பிவிடும் பழக்கமும் உண்டு. ஈரி ஏரியில் நல்ல பாசி குறைந்து நச்சுப்பாசி படர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

நம் குளத்து நாட்டு மட்டிகளுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அவற்றின் குஞ்சு, மீனின் செவுளில் சில காலம் ஒட்டிக் கிடந்தால்தான் வளரும். வரிக்குதிரை, குவாக்கா குஞ்சுகளுக்கு அப்படி எவர் தயவும் வேண்டாம், தாமே நீந்தும். வெளியூர் மட்டி எதையும் குளத்தில் விடாதீர்கள்.

பழவேற்காட்டில் காக்கா ஆழி பெருகிவிட்டது. இதுவும் அந்த வகையா?
மீனவர், ஆரம்பாக்கம்

இல்லை. காக்கா ஆழி அமெரிக்க வெப்பக் கடலோரத்தைச் சேர்ந்த மட்டி, உவர்நீரில் வாழ்வது. ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும்போதும், கோடையில் ஏரி உப்பேறும்போதும் அது தாங்குகிறது. அதுதான் அதன் பலம். வரிக்குதிரை மட்டியின் குடும்பத்தில் பிறந்தது வேறொன்று: 1967-லேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் காணப்பட்ட கறுப்பு வரி மட்டி.

சாப்பாட்டுக் கணக்கை மட்டும் இங்கே போட்டால் தப்பும். பழவேற்காட்டின் நாட்டு மட்டியான மஞ்ச மட்டி சேற்றுக்குள் புதைந்து வாழ்வது. காக்கா ஆழி அதன் தலைக்குமேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, பாசியில் பங்கு கேட்பதற்கு முன்பே இடத்தைப் பிடுங்கிவிடுகிறது. படகின் அடியிலிருந்தும் வலையிலிருந்தும் சுரண்டுவதை ஏரியிலேயே தட்டிவிடாதீர்கள். தண்ணீர் திரும்ப ஏறாத மேட்டில் கொட்டி, நன்றாக வெயிலில் காயவிடுங்கள்.