அடிக்கடி மாறும் ஜேசான் கோப்பு பாதியாகவும் பழையதாகவும் போவது ஏன்?

ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இரண்டு விநாடிக்கு ஒருமுறை கிரிக்கெட் ஸ்கோரை ஒரு ஜேசான் (விவரங்களை எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பில் எழுதுகிறது, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதைச் சிலருக்குப் பாதியாகவும் சிலருக்குப் பழையதாகவும் அனுப்புகிறது, சர்வரையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். கோளாறு கோப்பை எழுதும் விதத்தில் இருக்கிறது.

கோப்பை 'டபிள்யூ' மோடில், அதாவது புதிதாக எழுதுவதற்காகத் திறந்த உடனேயே அதன் அளவு பூஜ்ஜியமாகிவிடும். புது விவரம் அதற்கு அப்புறம்தான் உள்ளே போகும். அந்த இடைவெளியில் கேட்பவருக்குக் காலியாகவோ அரைகுறையாகவோதான் கிடைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. என்ஜின்எக்ஸ் கோப்பின் அளவை முதலில் பார்த்து, பதிலின் அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரில், உதாரணமாக 4,000 பைட் என்று சொல்லிவிடும். அனுப்புவதற்குள் கோப்பு சுருங்கிவிட்டால் இணைப்பு பாதியிலேயே அறுந்துவிடும். என்ஜின்எக்ஸின் எர்ரர் லாகில் 'ட்ரங்கேட்டட்' (கோப்பு சுருங்கிவிட்டது) என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வேறு பெயரில் முழுதாக எழுதி மூடுங்கள். பிறகு பைத்தானின் ஓஎஸ் டாட் ரீப்ளேஸ் கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸில் இந்தப் பெயர் மாற்றம் ஒரே நொடிப்பொழுதில், இடைநிலையே இல்லாமல் நடக்கும். ஏற்கெனவே இறக்கிக்கொண்டிருப்பவருக்குப் பழையது முழுசாகப் போய்ச்சேரும், அடுத்தவருக்குப் புதியது. தற்காலிகக் கோப்பை டெம்ப் ஃபோல்டரில் வைக்காதீர்கள். அது வேறு பார்ட்டிஷனாக இருந்தால் ரீப்ளேஸ் எர்ரர் கொடுக்கும். கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளையோ நகலெடுக்கத் தொடங்கும், பழைய தொல்லை திரும்ப வரும். அதே ஃபோல்டரில் எழுதுங்கள். தற்காலிகக் கோப்பை உருவாக்கப் பைத்தானின் எம்கேஎஸ்டெம்ப் பயன்படுத்தினால் அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம்) என்று அமையும், என்ஜின்எக்ஸால் படிக்க முடியாமல் 403 (அனுமதி இல்லை) வரும். பெயர் மாற்றும் முன் எல்லோரும் படிக்கும்படி 644 ஆக்கிவிடுங்கள்.

சரி, பழையது வருவது? திறந்த கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் என்ஜின்எக்ஸின் ஓப்பன் ஃபைல் கேஷை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இயக்கியிருந்தால், வேறு நேரம் குறிப்பிடாதவரை 60 விநாடி வரை பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கோப்புக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் 'நோ-கேஷ்' போடுங்கள். பிரவுசர் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் காட்டும், மாறாதபோது 304 (மாறவில்லை) என்ற பதில் மட்டும் போகும்.

நாளைக்கு ஒரே விநாடியில் இரண்டு முறை எழுத ஆரம்பித்தால் இது போதாது. கோப்பு மாறியதா என்று பிரவுசர் சரிபார்க்கும் அடையாளமான ஈ-டேகை, என்ஜின்எக்ஸ் கோப்பு மாறிய விநாடியையும் அளவையும் வைத்துத்தான் உருவாக்குகிறது. 145/3 என்பது 145/4 ஆனால் அளவு மாறாது, விநாடியும் அதே என்றால் விக்கெட் விழுந்த பிறகும் 304 வரும். அப்போது பிரவுசர் எதையும் சேமிக்காதபடி, கேஷ்-கன்ட்ரோலில் 'நோ-ஸ்டோர்' போடுங்கள்.