முக்கால் கிலோவும் 2/6-உம்

அன்புள்ள சார்,

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக ஜூனில் சேர்ந்தேன். தினமும் ராத்திரி 11 மணி வரை பாடக்குறிப்பு எழுதுகிறேன். நோக்கம், ஆயத்தம், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று பி.எட்.டில் சொல்லிக்கொடுத்த தலைப்பு ஒன்றும் விடுவதில்லை. வகுப்பில் பாதிகூட முடியுமுன் மணி அடித்துவிடுகிறது. கூட வேலை பார்ப்பவர்கள், "போன வருஷ நோட்டைப் பார்த்து எழுதும்மா, கையெழுத்துதானே வேணும்" என்கிறார்கள். நீங்களும் ஆசிரியராக இருந்தவர். பாடத்தைத் திட்டமிட எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

நான் அதை ஒரு காய்கறிக் கடை வாசலில் கற்றுக்கொண்டேன்.

முக்கூடல் பக்கம் எனக்கு முதல் வேலை. ஆறாம் வகுப்பு, வேற்றினப் பின்னங்களின் கூட்டல். நாலு பக்கம் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். மீச்சிறு பொது மடங்கு எடுத்து, பகுதியைச் சமமாக்கி, மூன்று கணக்கு போட்டுக் காட்டினேன். "புரிஞ்சுதா?" என்றதும் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்றது. 1/2 + 1/4 கொடுத்துவிட்டு பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தால், பாதிப் பேருக்கு மேல் 2/6 என்று எழுதியிருந்தார்கள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறார்கள். அதே விளக்கத்தை இன்னும் சத்தமாகச் சொன்னேன். மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் கடையில் அந்த வகுப்புப் பையன் ஒருவன் அரைக் கிலோ கத்தரிக்காயும் கால் கிலோ தக்காளியும் வாங்கிக்கொண்டிருந்தான். "பையில மொத்தம் எவ்வளவுல இருக்கு?" என்றேன். யோசிக்கவே இல்லை. "முக்கா கிலோ சார்."

காலையில் 2/6 எழுதியவர்களில் அவனும் ஒருவன். என் நாலு பக்கத்தில் நான் பேசப்போவது எல்லாம் இருந்தது. அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எங்கே வழுக்குவான் என்று ஒரு வரி இல்லை.

அன்று ராத்திரி மூன்று வரிதான் எழுதினேன். கடையிலிருந்து தொடங்கு. 'முக்கால்' அவர்கள் வாயிலிருந்து வரட்டும். பிறகு 2/6-ஐப் பக்கத்தில் எழுதி, அது அரையைவிடக் கூடவா குறைச்சலா என்று கேள். மறுநாள் அந்தக் கேள்வியிலேயே முக்கால்வாசி நேரம் போய்விட்டது. 2/6 என்பது மூன்றில் ஒரு பங்குதான். அரைக் கிலோ இருந்த பையில் இன்னும் கால் கிலோ போட்டால் கனம் எப்படிக் குறையும்? ஒரே சண்டை. ஒரு பிள்ளை எழுந்து வந்து கட்டம் போட்டுக் காட்டியது. பொது மடங்கின் பக்கமே அன்றைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் அது 10 நிமிஷத்தில் முடிந்தது.

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடும்போது, பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்பதற்கென்றே தனிப் பத்தி வைப்பார்கள். தப்பான பதில்களும் அதில் இருக்கும். இதை நான் பிற்பாடு படித்தபோது அந்தக் கத்தரிக்காய்ப் பைதான் நினைவுக்கு வந்தது. கரும்பலகையில் எது எந்த இடத்தில் வரும் என்றுகூட முன்னாலேயே வரைந்துவைப்பார்கள்.

அதனால் முதலில் கடைசிக் கேள்வியை எழுதுங்கள். மணி அடிக்க 5 நிமிஷம் இருக்கும்போது எந்த ஒரு கணக்கைப் பிள்ளைகள் தனியாகப் போட்டால் பாடம் சேர்ந்தது என்று நம்புவீர்கள்? அதற்கு வரக்கூடிய இரண்டு தப்பான பதில்களைக் கீழே எழுதுங்கள். 40 நிமிஷத்துக்கு இவ்வளவு போதும். நேரம் பற்றாமல் போவதற்கு, பெரும்பாலும் நாம் பேசுவதை மட்டும் கணக்கில் வைப்பதுதான் காரணம். பிள்ளைகள் யோசிக்கவும் நேரம் வேண்டாமா? கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினார். 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாக வந்தன.

'ஆயத்தம்' என்ற தலைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். பி.எட்.டில் வரும் அந்தப் படிநிலைகளுக்கு மூலவர் ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியர். புதியது எதுவும் தெரிந்ததோடு ஒட்டினால்தான் நிற்கும் என்பது அவர் எண்ணம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கொஞ்சமா? அம்மா பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கு, கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு என்பது பாடம். 25-ஆம் வாய்ப்பாட்டை அதனிடமே கேளுங்கள். பத்தமடைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாயின் நீளமும் அகலமும் தெரியும். தாத்தா பாட்டி வாயில் 'அரைக்கால்' என்ற சொல் இன்னும் இருந்தால், காலில் பாதி 1/8 என்பது வீட்டிலேயே கிடக்கிறது.

அப்புறம், ஊர் நாட்களையும் திட்டத்தில் சேருங்கள். செவ்வாய்க்கிழமை கோயில் கொடை விழா என்றால் புதன்கிழமை வகுப்பு கண் சொருகிக் கிடக்கும். அன்றைக்குப் புதுப் பாடம் எடுக்க வேண்டாம்.

போன வருஷ நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். அதில் உங்கள் பிள்ளைகள் இல்லை. கையெழுத்துக்கு நோட்டு வேண்டும்தான், அதைச் சுருக்கமாக எழுதி 9 மணிக்கு மூடிவிடுங்கள். ஓரத்தில் மட்டும் ஒரு பத்தி காலியாக விடுங்கள். வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குப் போகுமுன் நின்றபடியே அதில் ஒரு வரி எழுதுங்கள், இன்று எந்தப் பதில் உங்களை நிறுத்தியது என்று. ஒரு மாதம் கழித்து அந்த வரிகளை எனக்கு அனுப்ப முடியுமா? படிக்க ஆசையாக இருக்கிறது.