தலை முறியும் போல்ட்டின் கழுத்து எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும்?

இறுக்கும்போது கழுத்துக்கு மேலுள்ள தலை மட்டும் முறிந்து விழ, கீழுள்ள தலை நிலைத்து நிற்கும் போல்ட்டை, நாம் விரும்பும் முறுக்குவிசையில் முறியச் செய்யக் கழுத்தை எந்த விட்டத்துக்குக் கடைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு முதல் மாதிரியைக் கடைவதற்குத்தான் உதவும். இறுதி அளவை மாதிரிகளை முறித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விட்டத்தின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) உலோகத்தின் வெட்டு வலிமையாலும் பை மதிப்பாலும் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் முறியும் முறுக்குவிசை (இனிச் சுருக்கமாக விசை) கிடைக்கும். பாடநூல்களில் பெரும்பாலும் 16-ஆல் வகுக்கச் சொல்வார்கள். அது மேற்பரப்பின் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) மட்டும் எல்லையைத் தொடும் நிலை. மென்மையான எஃகோ குறுக்குவெட்டு முழுவதும் நெகிழ்ந்த பிறகே முறிகிறது. 16-ஐ நம்பிக் கடைந்தால், நினைத்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விசையில்தான் தலை விழும்.

எஃகின் வெட்டு வலிமையை இழுவலிமையில் சுமார் 0.6 பங்காகக் கொள்ளலாம். 4.6 தர போல்ட்டின் இழுவலிமை 400 மெகாபாஸ்கல் என்பதால் வெட்டு வலிமை 240, 6 மி.மீ. கழுத்து ஏறத்தாழ 13.6 நியூட்டன் மீட்டரில் முறிய வேண்டும். ஆனால் அந்த 400 என்பது குறைந்தபட்ச உத்தரவாதமே. கையில் உள்ள கம்பி அதைவிட வலுவாக இருந்தால் கழுத்தும் அந்த அளவுக்குத் தாங்கிவிடும். ஆகவே ஒரே கம்பியில் சில மாதிரிகளைக் கடைந்து, முறுக்குவிசையை அளக்கும் டார்க் மீட்டரில் முறித்து, கனமூலத்தால் திருத்துங்கள். 6 மி.மீ. கழுத்து 15 நியூட்டன் மீட்டரில் முறிந்து உங்களுக்குத் தேவை 12 என்றால், 0.8-இன் கனமூலம் 0.928, புதிய விட்டம் 5.57 மி.மீ. விட்டத்தில் 0.1 மி.மீ. பிசகினாலே விசை 5 சதவீதம் மாறுமாதலால், லேத்தில் இந்த ஓர் அளவைத்தான் மிகக் கவனமாகப் பிடிக்க வேண்டும்.

கழுத்தைக் குட்டையாக வைத்து, முறிய வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் வெட்டினால் முறிவு எப்போதும் அங்கேயே நிகழும். ஸ்பேனர் சாய்ந்தால் வளைவும் சேர்ந்துகொண்டு கழுத்து முன்கூட்டியே முறியும் என்பதால், சோதனையிலும் சாக்கெட்டை நேராகவே பிடிக்க வேண்டும். கழுத்து, நிலைத்து நிற்கும் தலைக்கு மேலே இருப்பதால் அதில் இழுவிசை ஏறுவதில்லை. எனவே மரையில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறியும் விசை மாறாது. இறுக்கம்தான் மாறும்: உலர்ந்த மரைக்குத் தீர்மானித்த விசையை எண்ணெயிட்ட மரையில் செலுத்தினால், தலை முறிவதற்கு முன்பே மரை உரிந்துவிடக்கூடும். இணைப்பில் எந்த நிலையில் மாட்டப் போகிறீர்களோ, அதே நிலையில் சில போல்ட்டுகளை முழுமையாக இறுக்கிப் பார்த்துவிட்டு மொத்தமாகக் கடையத் தொடங்குங்கள்.