எதிர்காற்றும் ஏழு நிமிடமும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கைந்து ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. நீங்கள் பல வருடம் சைக்கிளில் வேலைக்குப் போனவர் என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

மூன்று வாரமாக நானும் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிறேன். ஒருவழி 9 கிலோமீட்டர். தொடங்கியபோது இருந்த உற்சாகம் இப்போது இல்லை. போய்ச் சேரும்போது முதுகுப்பைக்கு அடியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. செக்யூரிட்டி முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் என்மேல் ஒரு பரிதாபம். "என்ன, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டவர்களே மறுநாளும் கேட்கிறார்கள். காலையில் எதிர்காற்று. சரி, மாலையில் திரும்பும்போதாவது அது பின்னாலிருந்து தள்ள வேண்டாமா? அப்போதும் எதிர்காற்றுதான்! போன வாரம் நின்றுகொண்டிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. மயிரிழையில் தப்பினேன்.

இப்போது 27 நிமிடத்தில் போய்விடுகிறேன். அதை 25 ஆக்க முயல்கிறேன். உடம்புக்கு நல்லது, ஊருக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் காலையில் படுக்கையை விட்டு எழ அது போதவில்லை. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பி.கு.: நான்கு நாட்களாக முழங்காலின் முன்பக்கம் லேசாக வலிக்கிறது. இது சைக்கிளாலா, 38 வயதாலா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தவன், 27 நிமிடத்தை 25 ஆக்கப் பார்க்கிறேன் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உங்கள் கஷ்டத்தில் பாதி அந்த இரண்டு நிமிடத்திலிருந்துதான் வருகிறது.

நானும் அதே வேலையைச் செய்தவன். முதல் வருடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஹேண்டிலில் கட்டிக்கொண்டு மிதிப்பேன். நேற்றைவிட ஒரு நிமிடம் குறைந்துவிட்டால் அன்று முழுக்க ஒரு மிதப்பு. மிச்சப்படுத்திய அந்த நிமிடத்தை வைத்து என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். சிக்னலில் நிற்பதையெல்லாம் விட்டுவிடுவோம். 9 கிலோமீட்டரை 27 நிமிடத்தில் கடந்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். அதையே 16-இல் மிதித்தால் 34 நிமிடம் ஆகும். வித்தியாசம் ஏழு நிமிடம், அதுகூட முழுசாக இல்லை. ஆனால் சமதரையில் இந்த வேகத்தில் சைக்கிள்காரனின் பெரிய எதிரி காற்று. வேகம் கூடக்கூட காற்றின் தடை அதன் இருமடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம்) கூடும், அதைத் தள்ளிக்கொண்டு போவதற்கு நொடிக்கு நொடி நீங்கள் செலவழிக்கும் சக்தியோ மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) கூடும். அதாவது 16-இல் போகும்போது காற்றுக்குக் கொடுப்பதைப்போல 20-இல் போகும்போது ஏறக்குறைய இரண்டு பங்கு கொடுக்கிறீர்கள். ஏழு நிமிடத்துக்காக. இன்னும் இரண்டு நிமிடம் குறைத்து 25-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அதற்கும் மேல் கால்பங்கு. இவ்வளவும் கொடுத்து வாங்கிய நிமிடங்களை வழியில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு பிடுங்கிக்கொள்ளும்.

வியர்வையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. நம் உடம்பு அப்படியொன்றும் சிக்கனமான இயந்திரம் இல்லை. செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். ஓட்டிக்கொண்டிருக்கும்வரை முகத்தில் அடிக்கும் காற்று அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். நீங்கள் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தும்போது காற்றும் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் சூடு மட்டும் நிற்பதில்லை. அதனால்தான் வழியெல்லாம் உலர்ந்திருந்த சட்டை லிஃப்ட்டுக்குள் நனைகிறது, அதுவும் பக்கத்தில் மேலதிகாரி நிற்கும்போது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, கடைசி ஒன்றரை கிலோமீட்டரை ஊர்வலம்போல ஓட்டுவது. பெடலில் கால் சும்மா இருக்கட்டும். எவ்வளவு மெதுவாக என்றால், முதுகில் பாடப்புத்தகம் சுமந்த பையன் ஒருவன் உங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்புறம், முதுகுப்பையை இன்றே கழற்றிக் கேரியரில் கட்டுங்கள். உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்தப் பைதான், அது காற்றை உள்ளே விடாது. மாற்றுச் சட்டையைப் போய்ச் சேர்ந்ததுமே போடாதீர்கள், அதுவும் நனைந்துவிடும். பத்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

சரி, இரண்டு பக்கமும் எதிர்காற்று என்ற புகார். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் சைக்கிளில் வேலைக்குப் போகிற அத்தனை பேரும் இதையே சொல்கிறார்கள். அதில் பொய்யும் இல்லை. இலை அசையாத நாளில்கூட நீங்கள் 20-இல் மிதித்தால் உங்கள் முகத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். பின்னாலிருந்து 8 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலும் முகத்தில் 12 மிச்சமிருக்கும். பக்கவாட்டில் வீசுகிற காற்றும், நீங்கள் முன்னால் போகிற வேகத்தோடு சேர்ந்து, குறுக்குச்சாய்வாக எதிரிலிருந்துதான் வந்து விழும். நிஜமான பின்காற்று வாய்க்கும் நாட்களும் உண்டு. அன்றைக்கு நாம் அதைக் காற்று என்றே ஒப்புக்கொள்வதில்லை. 'பரவாயில்லை, கால் நன்றாகத் தேறிவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறோம். பழி மட்டும் காற்றுக்கு, பெருமை நமக்கு.

காற்று பலமாக இருந்தால் கியரைக் குறையுங்கள், கியர் இல்லாத சைக்கிள் என்றால் வேகத்தைக் குறையுங்கள். கைமூட்டை மடக்கி உடம்பைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாலே வித்தியாசம் தெரியும். எதிர்காற்றோடு சண்டை போட்டு ஜெயித்தவனை நான் பார்த்ததில்லை.

கார்க் கதவைப் பற்றி மட்டும் விளையாட்டாகப் பேச முடியாது. எனக்கும் நடந்திருக்கிறது, நான் உங்களைப்போலத் தப்பவில்லை. கதவின் விளிம்பு ஹேண்டிலைத் தட்டிவிட்டது, நான் சாலையின் நடுப்பக்கமாக விழுந்தேன். அந்த நேரத்தில் பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. அது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. கதவைத் திறந்தவர் இறங்கி வந்து, "பார்த்து வரக் கூடாதா?" என்று கேட்டார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே நான், "சாரி" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு நிற்கும் கார்களை ஒட்டி ஓட்டுவதே இல்லை. ஒரு கதவு முழுசாகத் திறந்தால் எவ்வளவு அகலம் வருமோ அவ்வளவு தள்ளித்தான் போவேன், சுமார் ஒரு மீட்டர். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? ஓரமாக ஒடுங்கிப் போனால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். நாம் ஒடுங்க ஒடுங்க, அந்த இடைவெளியில் முந்திவிடலாம் என்று பேருந்துக்கும் ஆசை வரும். இரண்டு கார்களுக்கு நடுவில் இடம் கிடைத்ததும் உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வருவது இன்னும் மோசம். நேர்கோட்டில் போங்கள். விலக வேண்டியிருந்தால் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். முகத்தைப் பார்த்ததும் ஓட்டுநர் கொஞ்சம் இளகுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன், வெறும் முதுகைப் பார்த்தால் இளகுவதில்லை. லாரியோ பேருந்தோ திருப்பத்தில் நின்றால், இடம் இருக்கிறதே என்று அதன் பக்கவாட்டில் முன்னேறிப் போய் நிற்காதீர்கள். ஓட்டுநரின் கண்ணாடியில் நீங்கள் தெரியாத இடம் அங்கேதான் இருக்கிறது.

காரில் போகிறவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்று: நெதர்லாந்தில் கதவுப் பக்கத்துக் கையால் திறக்காமல், எதிர்க்கையை நீட்டித் திறக்கப் பழக்குகிறார்கள். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும்.

மழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இன்னும் நனையவில்லை போலிருக்கிறது. நனையும்போது இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். சாலையில் பெயின்ட் அடித்த கோடுகளும் சாக்கடையின் இரும்பு மூடிகளும் ஈரத்தில் சோப்பு மாதிரி. அவற்றின்மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள், வளைக்கவும் வளைக்காதீர்கள். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால், ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் அது பிடிக்கவே தொடங்கும். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகத் தொட ஆரம்பித்துவிடுங்கள்.

பஞ்சரைப் பற்றியும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரத்தில் ஒன்றுகூட ஆகவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். வரும்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். ஒருநாள் பாதி வழியில் பஞ்சர். டியூபை மாற்றிக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினேன், ஐந்தே நிமிடத்தில் மறுபடி உஸ்ஸென்று இறங்கிவிட்டது. டியூபில் குற்றமே இல்லை. முள் டயரில் இருந்தது. வெளியே பார்த்தால் வெறும் கறுப்புப் புள்ளி, சேற்றோடு சேறாக இருந்தது. டயரின் உட்புறத்தில் விரலை வைத்து மெதுவாக, மிக மெதுவாக ஒரு சுற்று தடவிக்கொண்டு வந்தபோது சுருக்கென்றது. அரிசி முனை அளவுதான். அதைப் பிடுங்க நகம் போதவில்லை, சாவியால் உள்ளிருந்து நெம்பி வெளியே தள்ளினேன். அன்றிலிருந்து விரலால் தடவிப் பார்க்காமல் எந்த டயரையும் மாட்டுவதில்லை. பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைச் செய்து 1888-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் கெட்டி ரப்பர், அதற்கும் முன்னால் மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. அந்த வண்டிக்கு எலும்பாட்டி என்று பொருள்படும் பட்டப்பெயரே உண்டு. நமக்கு அவ்வப்போது ஒரு முள், அவ்வளவுதான்.

ஆபீஸ் பரிதாபத்துக்கு வருகிறேன். "வண்டி ரிப்பேரா?" என்று கேட்கிறவர்களிடம் சுற்றுச்சூழல் பேசிப் பார்த்தேன், உடற்பயிற்சி பேசிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. பிறகு "ஆமாம், ரிப்பேர்" என்று சொல்ல ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் கேட்பது நின்றது. அடுத்த வருடம் காய்ச்சல் வந்து ஒருநாள் பேருந்தில் போனேன். வாசலிலேயே மடக்கி, "என்ன, சைக்கிள் ரிப்பேரா?" என்றார்கள்.

உடம்புக்கு நல்லது என்பது காலையில் எழுப்பப் போதவில்லை என்கிறீர்கள். எனக்கும் போதாது. 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் ஐந்து வருடம் கவனித்ததில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம் 41 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. முழுக்க சைக்கிளால்தான் என்று அந்த மாதிரி ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இருந்தாலும் சின்ன எண் இல்லை. சரி, இந்த எண்ணை நினைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு யாராவது போர்வையை உதறியிருக்கிறார்களா?

என்னைப் பல வருடம் சைக்கிளில் உட்கார வைத்தது அற்பமான ஒரு காரணம். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று எனக்குத் தெரியும். நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 34 நிமிடம் என்றால் 34, மிஞ்சினால் 36. காரில் வந்த சக ஊழியர்கள் ஒருநாள் 20 நிமிடத்தில் வருவார்கள், மறுநாள் 50 ஆகும். தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே நுழைவார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது காரணம் மாலை. மிதிப்பதை நிறுத்திவிட்டு இறக்கத்தில் உருளும்போது பின்சக்கரத்தில் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது கேட்கும்போது ஆபீஸ் முடிந்துவிட்டது என்று எனக்கு நிஜமாகவே உறைக்கும். வேறெந்த வாகனத்திலும் ஆபீஸ் என்கூடவே வீட்டுக்கு வந்திருக்கிறது. இந்த இரண்டும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்களுக்கென்று ஒன்று கிடைக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் போதாது, அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய மூன்று வாரம்.

ஆகவே விட்டுவிடலாமா என்பதற்கு இன்னொரு மாதம் கழித்துப் பதில் சொல்கிறேன். அதுவரை 34 நிமிடத்தில் போங்கள், ஏழு நிமிடம் முன்னால் கிளம்புங்கள். வாரம் ஐந்து நாளும் போயே தீர வேண்டும் என்றும் இல்லை. மூன்று நாள் போனால் மூன்று நாள்.

முழங்கால் வலி: வயதின்மேல் பழி போடுவதற்குமுன் சீட்டைப் பாருங்கள். முன்பக்கம் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். இரண்டு காலும் தரையில் சௌகரியமாகப் படும்படி வைத்திருப்பீர்கள், புதிதாக ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். இன்று இரவு சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடலைக் கடைசிவரை கீழே கொண்டுபோய், குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் முழுக்க ஏற்றிவிடாமல் ஒரு விரல்கடை ஏற்றி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு இன்னொரு விரல்கடை. நிற்கும்போது சீட்டிலிருந்து இறங்கித்தான் காலூன்ற வேண்டிவரும், பழகிவிடும். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பதையும் விடுங்கள். இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் வலி போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். போய்விட்டால் எழுதுங்கள்.

அன்புடன்.