படகு வயர்லெஸ்: எதை நாமே சரிசெய்யலாம்? (கேள்வி பதில்)

கேள்வி (நாகப்பட்டினம், விசைப்படகு உரிமையாளர்): ஐயா, படகிலுள்ள விஎச்எஃப் வயர்லெஸ் செட்டில் மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நான் பேசப் பொத்தானை அழுத்தியதும் செட் அணைந்துவிடுகிறது. சர்வீஸுக்கு அனுப்பவா?

பதில்: பொறுங்கள். கேட்கும்போது செட் ஓர் ஆம்பியர்கூட இழுக்காது. 25 வாட்டில் பேசும்போது ஐந்து ஆறு ஆம்பியர் கேட்கும். இணைப்பு எங்காவது அரித்திருந்தால் அப்போதுதான் வோல்டேஜ் படுத்துவிடும். செட்டுக்கு வரும் ஒயர் முனையில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். (சோதனைக்கு 16-ஆம் சானல் வேண்டாம், அது அவசர அழைப்புக்கானது.) பெரும்பாலான செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் கூடக் குறைய ஓடும். மீட்டர் 11.7-க்குக் கீழே காட்டினால் செட்டின் மீது பழி போடாதீர்கள். பேட்டரி முனை, ஃபியூஸ் பிடிப்பான், எர்த் ஒயர் மூன்றையும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் பச்சை பூத்திருக்கும். 1 வாட்டுக்கு மாற்றினால் செட் அணையவில்லையா? சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

கேள்வி (தூத்துக்குடி): பக்கத்துப் படகு மட்டும் கேட்கிறது, தூரத்துப் படகு கேட்பதில்லை.

பதில்: நண்பரின் செட்டை உங்கள் ஆன்டெனா கேபிளில் மாட்டிப் பாருங்கள். அதுவும் அப்படியே என்றால் கோளாறு ஆன்டெனாவிலோ கேபிளிலோதான். கேபிளின் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். ஆன்டெனா இல்லாமல் மட்டும் பேசாதீர்கள். வெளியேற வழியில்லாத சக்தி செட்டுக்கே திரும்பி அதைக் கருக்கிவிடலாம்.

கேள்வி (ராமேஸ்வரம்): அண்ணா, நான் மொபைல் பழுதுபார்ப்பவன். ஹாட் ஏர், மைக்ரோஸ்கோப் எல்லாம் இருக்கின்றன. செட்டைத் திறக்கலாமா?

பதில்: உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை தம்பி. பாகத்தை மாற்றிவிடுவீர்கள், அதற்குப் பிறகு? அலைவரிசையும் சக்தியும் சரியாக இருக்கின்றனவா என்று அளக்கத் தனிக் கருவி வேண்டும். பல செட்டுகளில் அதைத் திருத்தத் தயாரிப்பாளரின் மென்பொருளும் வேண்டும். இன்னொன்று, செட்டின் மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். செட்டின் நீர்த்தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். வளையம் மயிரிழை பிசகினாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். மைக் ஒயர், வெளி ஸ்பீக்கர் வரை நீங்களே செய்யுங்கள். போர்டைத் தொட வேண்டியிருந்தால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். வாரண்டி முடிந்து, கட்டணமும் புது செட் விலையில் பாதியைத் தாண்டினால், திறந்து கற்றுக்கொள்ளுங்கள்; ஆனால் அதைக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: பழைய செட் வாங்கினேன். எம்எம்எஸ்ஐ எண்ணை (படகின் அடையாள எண்) மாற்ற முடியவில்லை.

பதில்: அது பழுதல்ல, பூட்டு. பல செட்டுகளில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் பதிய விடமாட்டார்கள். சர்வீஸில்தான் அழிக்க முடியும். அப்படியே விட்டால் உங்கள் அபாய அழைப்பு பழைய படகின் எண்ணில் போகும்.

கேள்வி: இபிர்ப் (ஆபத்தில் தானே சமிக்ஞை அனுப்பும் கருவி) பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: கூடாது.