மீன் தொட்டியை மாதாமாதம் கழுவியும் மீன் சாகிறதே, ஏன்?

கிளிநொச்சியில் வீடு, இரண்டடித் தொட்டி, கப்பியும் மோலியும் வளர்க்கிறீர்கள். மாதம் ஒருக்கா மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, கல், பில்டர், கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுகிறீர்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பால் நிறத்தில் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, சில செத்தும் போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெரிய கழுவல்தான் காரணம். முதலில் அதை விடுங்கள்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அழுகும்போது அமோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. அதை ஒருவகை பக்டீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். கடைசியில் வருவதை மீன் ஓரளவுக்குத் தாங்கும். இந்த பக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதை விட பில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருப்பதுதான் அதிகம். நீங்கள் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கல்லை வெயிலில் காயவைத்தால் அவை போய்விடும். மீன் மட்டும் வழமைபோலக் கழிவு போட்டுக்கொண்டே இருக்கும்.

நம்முடைய பக்கத்தில் இது இன்னும் மோசம். பல வீட்டுக் கிணறுகளில் கல்சியம் கூடின தண்ணீர்தான், கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். அப்படியான தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்திருக்கும். காரத்தன்மையும் சூடும் கூடக் கூட அதே அளவு அமோனியாவின் நஞ்சும் கூடும். வன்னி வெயிலில் மத்தியானம் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு.

சரி, என்ன செய்வது? கிழமைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி கொள்வது 56 லீற்றர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 அளவில் நிற்கும். ஆகவே வீட்டு வாளியால் ஒரு வாளி, கொஞ்சம் கூட. மீனை வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஒரு ரியூபின் நுனியைக் கல்லுக்குள் செருகி, மறுநுனியைக் கீழே வாளிக்குள் விட்டு இழுத்தால் அடியிலுள்ள கசடு மண்ணிறமாகச் சுருண்டு வரும். கல் மேலேறினால் ரியூபை விரலால் ஒருக்கா நசித்து விடுங்கள், கல் திரும்ப விழுந்துவிடும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

அந்த வாளித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பில்டர் பஞ்சை அதற்குள்ளேயே இரண்டு மூன்று தரம் பிழியுங்கள், போதும். பஞ்சு பார்க்க ஊத்தையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கடைக்காரர் மாதாமாதம் புதுப்பஞ்சு மாற்றச் சொன்னால் கேட்க வேண்டாம். மிச்சத் தண்ணீரைக் கத்தரிக்கோ பூங்கன்றுக்கோ ஊற்றலாம், நல்ல பசளை.

புதுத் தண்ணீரை முதல்நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம், கையால் நன்றாக அடித்துக் கலக்குங்கள். விநியோகத் தண்ணீர் என்றால் குளோரின் பறக்க ஒரு நாளாவது வேண்டும். அவசரத்துக்கு மீன் கடைகளில் குளோரின் நீக்கி உண்டு. மேலே இருக்கும் தாங்கியிலிருந்து மத்தியானத்தில் நேரே பிடித்து ஊற்றவே கூடாது, அது கொதிநீர் மாதிரி வரும்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவதை மாற்றியதாகக் கணக்கெடுக்காதீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், கல்சியமும் கழிவும் உள்ளேயே நிற்கும். கண்ணாடி விளிம்பில் வெள்ளைக்கோடு விழுவதும் அதனால்தான். மட்டத்துக்கு மேலே உள்ளதை வினாகிரி தொட்ட துணியால் துடைக்கலாம். சவர்க்காரம் மட்டும் வேண்டாம்.

தீன் இரண்டு நிமிடத்தில் முடியும் அளவுக்குப் போடுங்கள். கிழமையில் ஒருநாள் பட்டினி விட்டாலும் ஒன்றும் ஆகாது. யன்னல் வெயில் நேரே படாத இடத்தில் தொட்டி இருந்தால் பாசித் தொல்லை பாதி குறையும். கரண்ட் போனால் தீன் போடாதீர்கள், பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். ஐஸ் போட்ட தண்ணீர்ப் போத்தலை மூடியபடி மிதக்கவிட்டால் சூடு மெதுவாக இறங்கும்.

இப்போது கலங்கியிருந்தால் கழுவ ஓடாதீர்கள். இரண்டு நாள் தீனை நிறுத்தி, காற்றுப் பம்பை விடாமல் ஓடவிட்டு, தினமும் கால்வாசி மாற்றுங்கள். பக்டீரியா திரும்ப ஊன்றப் பல கிழமைகள் எடுக்கலாம், அதுவரை புதுமீன் வாங்க வேண்டாம்.

கப்பி, மோலி, பிளாட்டி நம்முடைய கல்சியத் தண்ணீருக்கு நல்ல தேர்வு. டிஸ்கஸ், நியோன் டெட்ரா ஆசைப்பட்டு வாங்கினால் அலைச்சல்தான். ‘தொட்டியைச் சுத்தமாக்கும்’ என்று விற்கும் சக்கர் மீனும் உங்கள் தொட்டிக்கு வேண்டாம்: அது ஒரு அடிக்கு மேல் வளரும், கழிவும் அதற்கேற்ற மாதிரி. ஏற்கனவே வாங்கியிருந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ விட்டால் அங்குள்ள மீனுக்குத்தான் கேடு.